நடுவில் இரண்டு ரீல்

பொன்னுதாசின் பைக்கில் பின்னால் உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டதற்குக் காரணம் படத்தில் செத்துப்போன, வில்லனின் கையாள் ஒருவன்.

கேரள எல்லையோரம் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் ஒரே முதலாளிக்கு இரண்டு டாக்கீஸ்கள் இருந்தன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டிப் படம்தான் வரும். பாறசாலையில் மாட்டினி இரண்டு மணிக்கு, நெய்யாற்றின்கரையில் மூன்றேகாலுக்கு. இங்கே ஓடி முடிந்த ரீல்களைத் தகரப்பெட்டியில் வைத்து, பதினொரு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் கொண்டுபோய் அங்கே ஏற்ற வேண்டும். ஆறு பெரிய ரீல். இரண்டிரண்டாக மூன்று நடை. எட்டு வருஷமாக அது பொன்னுதாசின் வேலை.

1995 கிறிஸ்துமஸ் வாரத்தில் மூன்றாம் ரீலும் நாலாம் ரீலும் டப்பா மாறிப்போயின. நாலில் குண்டடிபட்டுச் செத்த கையாள், மூன்றில் எழுந்து உட்கார்ந்து சாயா குடித்தான். கொட்டகையில் யாரும் கேள்வி கேட்கவில்லை. செத்தவன் திரும்பி வந்ததற்கு விசில் அடித்தார்கள். டிக்கெட் கொடுக்கும் கிருஷ்ணன்குட்டி மட்டும், இரண்டு டாக்கீசுக்கும் மானேஜரான சோமனின் அறைக்குப் போனார்.

“செத்தவன் சாயா குடிக்கான் சாரே. இதொரு ஸ்தாபனமா?”

சோமன் பல் குத்திக்கொண்டிருந்தார். “அவ்வளவு கண்டிப்புண்டெங்கில் நீங்களே பின்னால இருந்து பாத்துக் கொண்டுவாங்க. நாளை முதல்.”

கிருஷ்ணன்குட்டிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், பாக்கெட்டில் மடித்த கைக்குட்டை. பள்ளிக்கூடம் தாண்டி பிரீடிகிரி வரை படித்தவர். டாக்கீசில் பதினேழு வருஷம் வேலை பார்த்தும் ஒரு படம் முழுதாகப் பார்த்ததில்லை, அதைப் பெருமையாகவும் சொல்வார். பொன்னுதாஸ் ஐந்து வயது இளையவர். மேல் பொத்தான் இரண்டையும் போடாத பூப்போட்ட சட்டை, உதட்டில் பீடி. வண்டி ஓட்டும்போது சபையில் பாடும் கீர்த்தனைகளை உரக்கப் பாடுவார், பாதியில் சினிமாப் பாட்டுக்கு மாறிவிடுவார். முதல் நாளே சண்டை.

“பீடியை அணையும். பொறி எனக்க சட்டையில விழுது.”

“எஸ்.ஐ. சாருக்குக் குடை வேணுமா? பொறிக்குப் பிடிக்க?”

காலையில் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி முடித்துவிட்டு மாட்டினிக்கு வரும் ஆட்கள் பாறசாலை டாக்கீஸ் வாசலில் இவர்களைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிடுவார்கள். “எலே, ரெண்டு ஏட்டும் வந்தாச்சு! இனி வில்லன் பாடு தீந்து.”

அந்த வருஷங்களில் அப்படிப்பட்ட படங்கள்தான் வந்தன. தமிழில், மலையாளத்தில், தெலுங்கிலிருந்து மாற்றியதில், இங்கிலீஷ்காரன் வாயில் தமிழ் வைத்ததில். பேர் வாராவாரம் மாறும், ஆட்கள் மாறமாட்டார்கள். இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவன் சட்டப்புத்தகம், இன்னொருவன் காட்டுமாடு. முதல் ரீலில் மேலதிகாரி இருவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றுவார். கடைசி ரீலில் ஒருவன் இன்னொருவனுக்காகக் குண்டை நெஞ்சில் வாங்குவான். இது தெரிந்தும் பெஞ்சு டிக்கெட் நிறைந்தது.

இதில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் அமரவிளைப் பாலத்தில் போகும்போது கிருஷ்ணன்குட்டி கேட்டார். “அந்த ஸ்டேஷன்ல எழுத்து வேலைக்கு ஆளே கெடையாதா? நாப்பது பேரைச் சுடுதான். ஒரு பேப்பர் எழுத வேண்டாமா?”

“ஓய், ஒத்தை ஆள் போலீஸ் படம் பாத்திருக்கீரா? அவனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு டிக்கெட் எடுக்கும்போதே தெரியும். ரெண்டு பேருன்னா அப்படி இல்ல. ஒருத்தனைக் கொன்னாலும் படம் ஓடும். அதாக்கும் பயம். அந்தப் பயத்துக்குத்தான் துட்டு.”

“பயப்படுறதுக்கா?”

“பெறகு? இன்னொண்ணும் உண்டு. சிரிச்சுப் பேசுறவன் எல்லாம் கடைசியில வில்லனுக்க ஆளாயிருப்பான். சண்டை போடுறவன்தான் கூட நிப்பான். ரப்பர் வெட்டுறவனுக்கு வேற எங்க கிட்டும் இந்த உறுதி? அவனுக்க மச்சினன்கிட்டயா?”

கிருஷ்ணன்குட்டி பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மச்சினன் விஷயத்தில் அவருக்கும் அனுபவம் இருந்தது.

படத்தை அவர்கள் பார்த்தவிதம் இப்படி. முதல் இரண்டு ரீல் பாறசாலையில் ஓடும்போது வாசலில் காத்திருப்பார்கள், அதனால் அவற்றைப் பார்க்கலாம். கடைசி இரண்டு ரீலைக் கொண்டுபோய் நெய்யாற்றின்கரையில் ஏற்றியபின் வேலை முடிந்தது, அவற்றையும் பார்க்கலாம். மூன்றும் நாலும் பாறசாலையில் ஓடும்போது முதல் நடையில் சாலையில் இருப்பார்கள். நெய்யாற்றின்கரையில் ஓடும்போது மூன்றாம் நடையில் சாலையில் இருப்பார்கள். எந்தக் கணக்கிலும் அந்த இரண்டு ரீலும் கண்ணில் படாது. அடித்துக்கொண்டவர்களைத் தெரியும். ஒருவனுக்காக ஒருவன் சாகிறவர்களைத் தெரியும். நடுவில் என்ன நடந்து இவன் அவனானான் என்பது தெரியாது. விடுமுறை நாளில் வந்து பார்க்கலாம்தான். சினிமாவைப் பழித்தே வயசான கிருஷ்ணன்குட்டிக்கு அதற்கு வெட்கம்.

அதனால் பொன்னுதாஸ் அந்த இரண்டு ரீலையும் வழியிலேயே சொல்லிவிடுவார். அவரும் பார்த்ததில்லை, எல்லாம் அவருடைய கைச்சரக்கு.

“இண்ணைக்கு மூணாம் ரீல்ல என்னன்னா, ரெண்டுபேரும் ஒருத்தனைப் பிடிக்க ஜீப்புக்குள்ள ஒளிஞ்சு இருக்கானுவ. மழை. அப்பம் அந்த முரடன் சொல்லுதான், எனக்க பொண்டாட்டிக்கு வயத்துவலி. நான் டியூட்டியில. பக்கத்து வீட்டுக்காரன் ஆட்டோவுல கொண்டு போனான். நான் போய்ச் சேர்றப்போ அவ காலுக்குக் கட்டுப் போட்டாச்சு. பெருவிரல் ரெண்டையும் சேத்து. நான் அந்தக் கட்டைத்தான் மொதல்ல பாத்தேன்…”

கிருஷ்ணன்குட்டிக்குப் புரிந்தது. பொன்னுதாசின் மனைவி லீலாபாய் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மறுநாள் முதல் பீடியைப் பற்றிய சண்டை நின்றது. வேறு காரணங்களுக்குச் சண்டை தொடர்ந்தது.

பிப்ரவரியில் சில விஷயங்கள் கிருஷ்ணன்குட்டியின் கவனத்துக்கு வந்தன. சாயாக்கடையில் இடது கைப்பக்கம் வைத்த டம்ளரைப் பொன்னுதாஸ் மூன்று நாளில் இரண்டு தரம் தட்டிவிட்டார். ஓரமாய் நடந்த ஒரு பெண்ணின் கூடையை ஹேண்டில் உரசியது. அவள் ஏசினாள். பொன்னுதாஸ், “இவ எங்க இருந்து மொளைச்சா?” என்றார். சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் அவள் இருநூறு அடி தூரமாக அங்கேதான் நடந்துகொண்டிருந்தாள்.

அன்று டாக்கீஸ் பின்சுவரோரம் நின்றபோது கிருஷ்ணன்குட்டி தன் வலது கையைப் பொன்னுதாசின் காதுக்கு நேரே ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். “நேரா பாக்கணும், திரும்பாதே. எத்தனை விரல்?”

“எங்க விரல்?”

கையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். “இப்ப?”

“ஓய், கையை எடுத்துக் காட்டும். சும்மா நிண்ணுக்கிட்டு எத்தனை விரல்ன்னா?”

கை ஏறக்குறைய அவருடைய மூக்குக்கு நேரே வந்தபிறகுதான், “ரெண்டு” என்றார்.

மார்ச் முதல் வாரம் சபை வளாகத்தில் கண் முகாம் நடந்தது. கிருஷ்ணன்குட்டியின் பிடுங்கல் தாங்காமல் பொன்னுதாஸ் போனார். டாக்டர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கிருஷ்ணன்குட்டி வாசித்தார். கண்ணுக்குள் அழுத்தம் மிகக் கூடுதல். இரண்டு கண்ணிலும் பக்கப் பார்வை போயிருக்கிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். உடனே மெடிக்கல் காலேஜ் போக வேண்டும். ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து. வண்டி ஓட்டக்கூடாது.

கடைசி வரியை அவர் இரண்டு தரம் வாசித்தார்.

“நேரா உள்ளது எனக்குத் துல்லியமாத் தெரியும்,” என்றார் பொன்னுதாஸ். “அந்தா அந்தப் போஸ்டர்ல அச்சாபீஸ் பேர் என்னன்னு சொல்லட்டா?”

“சோமனிடம் சொல்லணும் தாஸே.”

“சொன்னா நாளைக்கே சாவியை வாங்கிருவான். பெறகு நான் வீட்டுல இருந்து செவுத்தைப் பாக்கணும், இல்லியா? செவுரு நேராத்தானே இருக்கு, நல்லாத் தெரியும்.” சிரிக்கப் பார்த்தார். பிறகு சீட்டை வாங்கி நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டார். “பின்சிக்குத் தெரியண்டாம். அவ அறிஞ்சா வண்டியை எரிச்சிருவா.”

பின்சி அவருடைய ஒரே மகள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் டி.வி. சர்க்யூட் பலகைகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். விடுதியில் இருந்தாள். சனிக்கிழமை தனுவச்சபுரத்து வீட்டுக்கு வருவாள்.

கிருஷ்ணன்குட்டி ஒரு வாரம் தூங்கவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்து ஒரு வெள்ளிக்கிழமை சோமனின் அறைக்குப் போனார். புதுப்படம். சோமன் உள்ளே ஆபரேட்டரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார், காத்திருக்க வேண்டியதாயிற்று. கொட்டகைக் கதவுச் சந்து வழியே திரை தெரிந்தது. இரண்டாம் ரீல். மூத்த போலீஸ்காரனின் துப்பாக்கிக் கை நடுங்குகிறது. இளையவன் அதைப் பார்த்துவிடுகிறான். மேலதிகாரி கேட்கிறார்: அவன் கை எப்படி இருக்கிறது? இளையவனுக்கு மூத்தவனை ஜென்மத்துக்கும் பிடிக்காது. ஒரு தரம் மூத்தவனைத் திரும்பிப் பார்க்கிறான். பிறகு, கல்லு மாதிரி இருக்கு சார், என்கிறான்.

கொட்டகை வெடித்தது. பெஞ்சு டிக்கெட், பால்கனி, பீடா விற்கிறவன், எல்லாரும் கை தட்டினார்கள். பதினேழு வருஷமாகச் சுவருக்கு இந்தப்பக்கம் இருந்து கேட்ட கைத்தட்டல் அது. அன்று முதல்முறையாகக் கிருஷ்ணன்குட்டிக்கு ரோமம் சிலிர்த்தது.

“என்ன விஷயம்?” என்றார் சோமன், வெளியே வந்து.

“ஒண்ணுமில்ல சார். பெட்டியை மூடுற கொளுத்து ஒண்ணு லூஸ். மாத்தணும்.”

அப்படித்தான் அந்த ஏற்பாடு தொடங்கியது. பெட்டியை இருவருக்கும் நடுவில் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். அதுவரை பெட்டியைப் பிடித்திருந்த கிருஷ்ணன்குட்டியின் இரண்டு கையும் ஒழிவாயின. இடப்பக்கமிருந்து ஏதாவது வந்தால் இடது தோளில் ஒரு தட்டு, வலப்பக்கம் என்றால் வலது தோளில். நிறுத்த வேண்டுமென்றால் முதுகில் இரண்டு. ஒரு மாதத்தில் அது பேச்சைவிடச் சரளமாயிற்று. மாடு, ஆட்டோ, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், சந்திலிருந்து நீட்டும் ஜீப் மூக்கு, எல்லாம் தோள் வழியாகப் போய்ச் சேர்ந்தன. பார்த்தவர்கள் சொன்னார்கள்: “ஏட்டு ரெண்டும் இப்பம் தோளில கை போட்டல்லா போறாவ!”

கிருஷ்ணன்குட்டி உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். அதுதான் மோசம். ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் உயிர் தன் உள்ளங்கையில் இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. கிருஷ்ணன்குட்டி கட்டாயப்படுத்தி அழைத்துப்போன மெடிக்கல் காலேஜில் கொடுத்த சொட்டு மருந்து எரிகிறது என்று சித்திரை விஷுவோடு பொன்னுதாஸ் நிறுத்திவிட்டார். அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஓணத்துக்கு முந்தின சனிக்கிழமை பின்சி பாறசாலை டாக்கீஸ் வாசலுக்கே வந்தாள். அப்பா உள்ளே பெட்டி எடுக்கப் போயிருந்த நேரம்.

“மாமா, அப்பாவுக்குக் கண்ணில என்ன? நேத்து நான் கதவு பக்கத்துல நிக்கேன், இடிச்சிட்டுப் போறாரு. கேட்டா ஏசுதாரு.”

“வயசாச்சுல்லா மக்கா. கண்ணாடி மாத்தணும். அம்புடுதான்.”

“வண்டி ஓட்டுறதுக்குக் குழப்பம் இல்லியே? நீங்க பின்னால இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும். உள்ளதைச் சொல்லுங்க.”

அவள் அளவெடுக்கிறவளைப்போல முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிருஷ்ணன்குட்டி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

“கல்லு மாதிரி இருக்காரு மக்கா,” என்றார்.

அவள் நம்பினாள். சினிமா பார்க்காத, சந்தனம் வைத்த, டப்பா மாறினதற்கே புகார் கொடுத்த மனுஷன். நம்பாமல் என்ன செய்வாள்?

அக்டோபரில் ஒரு புதன்கிழமை. துலாமழை காலையிலேயே பெய்து ஓய்ந்து, வானம் ஈயம் மாதிரி நின்றது. கூட்டம் இல்லை. இரண்டாம் நடை நேரத்துக்கு நெய்யாற்றின்கரை போய்ச் சேர்ந்தது. மூன்றும் நாலும் மேலே ஆபரேட்டர் அறைக்கு ஏறின. கிருஷ்ணன்குட்டி வண்டியில் ஏறப் போனார்.

“நீரு இரும்,” என்றார் பொன்னுதாஸ்.

“என்னது?”

“உள்ள போய் உக்காந்து பாரும். பத்து மாசமா எனக்க வாயால கேட்டாச்சு. ஒருநாள் அவன் எடுத்ததையும் பாரும். நான் ஒத்தைக்குப் போய் மத்ததை எடுத்திட்டு வாறேன்.”

“வட்டாயிப்போச்சா உனக்கு, கிறுக்கா?”

“ரோடு காலியாக்கும். பதினோரு கிலோமீட்டர், எட்டு வருஷம் ஓய். எந்தக் குழி எங்க இருக்குன்னு எனக்க டயருக்குத் தெரியும். மெதுவாப் போறேன்.” பிறகு, கேலி இல்லாமல் சொன்னார்: “நீரு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லும். ஒருக்காவாவது ஒருத்தன் எனக்குச் சொல்லட்டு.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். உள்ளே வசனம் கேட்டது. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் பத்து நிமிஷத்தில் அது மாறும். எப்படி மாறும் என்று பார்க்க அவருக்கு ஆசையாக இருந்தது. அதுதான் உண்மை.

“மெதுவா,” என்றார்.

“செரி சாரே.”

பைக் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை படியில் நின்றார். பிறகு உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார்.

திரையில் அந்த இரண்டு போலீஸ்காரர்களின் ஜீப் பழுதாகி நிற்கிறது. ஒருவன் இறங்கித் தள்ளுகிறான். மற்றவன் உள்ளேயே இருக்கிறான். பிறகு அவனும் இறங்கித் தள்ளுகிறான். சேறு தெறிக்கிறது. ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான். அதற்குப்பின் நண்பர்கள். பொண்டாட்டி இல்லை, கட்டுப் போட்ட பெருவிரல் இல்லை, ஒன்றும் இல்லை. இதற்கா பத்து மாதம் காத்திருந்தோம் என்று கிருஷ்ணன்குட்டிக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. உம்ம படம்தான் ஓய் நல்ல படம் என்று சொல்ல வேண்டும். பொன்னுதாஸ் அதற்கு என்ன பதில் சொல்வார் என்றுகூட யோசித்துவைத்தார்.

நாலு முப்பத்தைந்துக்கு இடைவேளை. சாயா குடித்தார். நாலு நாற்பத்திரண்டுக்கு வண்டி வர வேண்டும். வாசலில் நின்றார். இடைவேளைப் பாட்டு முடிந்தது, மறுபடி போட்டார்கள். ஜவுளிக்கடை சிலைடு, நகைக்கடை சிலைடு, மறுபடி ஜவுளிக்கடை. மணி அடித்து ஆட்கள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஐந்து மணிக்கு ஆபரேட்டர் விளக்கை அணைத்தான், காட்ட எதுவுமில்லாமல் மறுபடி போட்டான். விசில் கிளம்பியது.

“வண்டி பஞ்சராயிருக்கும்,” என்றார் சோமன். பாறசாலைக்குப் போன் போட்டார். நாலு இருபதுக்கே புறப்பட்டாச்சு என்றார்கள். ரிசீவரை வைத்துவிட்டுக் கிருஷ்ணன்குட்டியைப் பார்த்தார். “நீங்க ஏன் கூடப் போகல்ல?”

கிருஷ்ணன்குட்டி அதற்குள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தார்.

வழியில் உதியன்குளங்கரை தாண்டி, இடப்பக்கச் சந்து ஒன்றிலிருந்து வாழைக்குலை ஏற்றிய ஜீப் வெளியே வந்திருக்கிறது. சாயாக்கடையில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். டிரைவர் ஹாரன் அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். பைக்குக்காரர் திரும்பவே இல்லை, நேரே பார்த்தபடி வந்தார் என்றார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார் என்றும் ஒருவர் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ அதை ஆட்டோவில் டாக்கீசுக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்தரைக்குப் படம் தொடர்ந்தது.

பின்சி ஆறே முக்காலுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பிணவறைக்குள் போய்விட்டு வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. வராந்தாவில் ஒரு போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருந்தார். நிஜமான போலீஸ்காரர். தொப்பை, மூக்குக்கண்ணாடி, மை கசியும் பேனா. பக்கத்தில் தரையில் ஜீப் டிரைவர் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். ஜனங்கள் அடித்ததில் உதடு கிழிந்து, ஒரு கண் மூடிப்போயிருந்தது. “ஹாரன் அடிச்சேன் சாரே,” என்று முனகிக்கொண்டே இருந்தான்.

“கூட வேலை பார்க்கிற ஆளா?” போலீஸ்காரர் கிருஷ்ணன்குட்டியைக் கேட்டார். “இவன் ஓவர் ஸ்பீடுன்னு எழுதிடலாம். மரிச்ச ஆளுக்கு வேற குழப்பம் ஒண்ணும் இல்லல்லா? குடியோ, அசுகமோ?”

இல்லை என்று சொன்னால் போதும். கூட நின்றவனுக்காக வாயை மூடிக்கொள்கிறவனுக்குத்தான் கொட்டகை கை தட்டும். கிருஷ்ணன்குட்டி ஜீப் டிரைவரின் உதட்டைப் பார்த்தார்.

“கண்ணு தெரியாது சாரே,” என்றார். “நேரா மட்டும் தெரியும். ரெண்டு சைடும் காணாது. டாக்டர் ஓட்டக்கூடாதுன்னு எழுதித் தந்தாரு. நான்தான் வாசிச்சேன். பின்னால இருந்து தோளில தட்டிச் சொல்லுவேன். இண்ணைக்கு நான் போகல்ல. படம் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

போலீஸ்காரரின் பேனா நின்றது.

பின்சி சுவரை விட்டுக் கையை எடுத்தாள். “எம்புடு நாளா?”

“ஏழு மாசம்.”

“நான் கேட்டப்போ?”

“தெரியும் மக்கா.”

அவள் வராந்தாவில் இருந்த ஒரே பெஞ்சின் ஒரு முனையில் போய் உட்கார்ந்தாள். கிருஷ்ணன்குட்டி மறுமுனையில் உட்கார்ந்தார். போலீஸ்காரர் எழுதியதை அடித்துவிட்டுப் புதுத்தாள் எடுத்தார். கீழே கிடந்த டிரைவரைப் பார்த்து, “எழும்பி மேல இரிடா,” என்றார்.

அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். வேறு இடம் இல்லாததால் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தான்.